தளம் மாறும் தரவுத்தள நிர்வாகிகள்

ஆரக்கிள் தரவுத்தளத்தை நிர்வகிப்பதையே தொழிலாகக் கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர்கள், நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில், தங்கள் நிறுவனம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் திறமூலத் தரவுத்தளத்துக்கு மாறப்போகிறது என்ற முடிவைச் சந்திப்பது தகவல் தொழில்நுட்பத் துறையில் இன்று அரிதான நிகழ்வாக இல்லை. தரவுத்தள நிர்வாகி, அதாவது தொழில் வழக்கில் டி.பி.ஏ. எனப்படுபவர், தரவைச் சேமிக்கும் மென்பொருளை நிறுவுவது, அது இரவு பகலாக ஓடுவதைக் கண்காணிப்பது, பேக்கப் எடுப்பது, மெதுவாக ஓடும் வினவல்களை விரைவாக்குவது, வட்டு பழுதடைந்தால் உறுதிசெய்யப்பட்ட ஒரு பதிவும் தொலையாமல் மீட்டுத் தருவது ஆகிய பொறுப்புகளை ஏற்றவர். ஒரே தளத்தில் ஊறிய இத்தகைய ஒருவர் வேறொரு தளத்துக்கு மாறும்போது, சேர்த்து வைத்த அனுபவத்தில் எது உடன் வரும், எது பின்தங்கிவிடும், எது உடன் வந்து கேடு விளைவிக்கும் என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் முதல் இரண்டைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. நள்ளிரவில் தொலைபேசி அழைப்பாக வந்து சேரும் சிக்கல்களில் பெரும்பகுதி மூன்றாவதிலிருந்தே பிறக்கிறது.

புதிய தளத்தில் ஒரு வசதி இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பின் மாற்று வழி தேடப்படும். இரண்டு தளங்களிலும் ஒன்றுபோலத் தோன்றி, உள்ளே வேறாக நடந்துகொள்ளும் ஒன்றோ, ஆறு மாதம் கழித்துச் சுமை ஏறிய ஒரு நாளில்தான் தன்னைக் காட்டும். அனுபவமற்ற இளைஞர் ஒவ்வொன்றையும் ஆவணத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் செய்வார் என்பதால் இவ்வகைப் பிழையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. கை பழகியவரே சிக்குகிறார். பணிக்காலத்தின் நடுவில் தளம் மாறுவதன் உண்மையான கடினம் இதில்தான் உள்ளது.

ஒரே வேர், இரண்டு கிளைகள்

ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ஒரே கோட்பாட்டின் வழித்தோன்றல்கள் என்பதால்தான் இந்தத் தோற்ற ஒற்றுமை இவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், தரவு வட்டில் எங்கே, எந்த வரிசையில் கிடக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் அறிய வேண்டியதில்லை என்றும், எல்லாத் தரவையும் அட்டவணைகளாகக் கருதிக் கணிதத் தொடர்புகளின் வழியே கையாளலாம் என்றும் நிறுவினார். உறவுநிலை மாதிரி எனப்படும் இக்கோட்பாட்டை நடைமுறைப்படுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டமும், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோரின் இங்க்ரெஸ் திட்டமும் எழுபதுகளில் உருவாயின. சிஸ்டம் ஆர் திட்டத்துக்காக டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் வகுத்த மொழியே பின்னாளில் எஸ்க்யூஎல் ஆயிற்று.

1977-இல் லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் ஆகிய மூவர் தொடங்கிய சிறு நிறுவனம், ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைகளை ஒட்டித் தன் தயாரிப்பை உருவாக்கி, 1979-இல் ஆரக்கிள் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெர்க்லியில் இங்க்ரெஸ் திட்டத்துக்குப் பின் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம், பல்கலைக்கழக ஆய்வாக முடிவுற்ற பின், 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்களால் எஸ்க்யூஎல் மொழி சேர்க்கப்பட்டுப் புத்துயிர் பெற்று, 1996-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்றைய பெயரை அடைந்தது. எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இம்மென்பொருளை, பல நாடுகளில் வாழும், பல நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்கள் கூட்டாக வளர்த்து, ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு என்ற ஒழுங்கில் வெளியிட்டு, ஒவ்வொரு பதிப்பையும் 5 ஆண்டுகள் பராமரிக்கின்றனர்.

நீண்டகாலம் இது பல்கலைக்கழகங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. அக்கருத்துக்கு நியாயமும் இருந்தது. முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் துணைச் சர்வருக்கு அனுப்பும் வசதி 2010-இல் வந்த 9.0 பதிப்பில்தான் உள்ளிணைந்தது. ஒரே வினவலைப் பல பிராசஸர் கருக்கள் பகிர்ந்து செய்யும் வசதி 2016-இலும், பேரட்டவணைகளைப் பகுதிகளாக வகுப்பதற்கான நேரடிக் கட்டளைகள் 2017-இலும் வந்தன. ஆரக்கிள் நிர்வாகி ஒருவர் 2008-இல் போஸ்ட்கிரெஸைப் பார்த்துவிட்டு இது பெரிய வங்கிக்குத் தாங்காது என்று முடிவுசெய்திருந்தால் அம்முடிவு அன்றைக்குப் பொருத்தமானதே. அதே முடிவை இன்றும் சுமந்துகொண்டிருப்பதுதான் பிழை.

உரிமக் கட்டணம் என்னும் உந்துவிசை

நிறுவனங்களை மாற்றத்துக்குத் தள்ளுவது தொழில்நுட்ப ஆர்வம் அன்று, செலவே. ஆரக்கிள் வெளியிட்டுவரும் விலைப்பட்டியலில் எண்டர்பிரைஸ் பதிப்பின் விலை ஒரு பிராசஸர் உரிமத்துக்கு 47,500 டாலர் என நெடுங்காலமாக இருந்துவருகிறது. இன்டெல் வகைப் பிராசஸர்களில் இரண்டு கருக்களுக்கு ஓர் உரிமம் என்பது கணக்கு. 16 கருக்கள் கொண்ட ஒரு நடுத்தர சர்வருக்கு 8 உரிமங்கள், ஆக 3,80,000 டாலர்; அட்டவணைகளைப் பகுதிகளாக வகுக்கும் பார்ட்டிஷனிங் வசதி தனி விலை உடையது என்பதால் உரிமத்துக்கு 11,500 வீதம் இன்னும் 92,000 டாலர்; மொத்தத்தில் 22 விழுக்காடு, அதாவது 1,03,840 டாலர், ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமாகத் தொடரும். பெரிய வாடிக்கையாளர்கள் பேரம் பேசிக் கணிசமான தள்ளுபடி பெறுவது வழக்கம் என்றாலும், முதன்மை சர்வருக்கு ஒன்று, பேரிடர்க் காலத் துணைச் சர்வருக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று பெருகும்போது நிதிப்பிரிவின் கவனம் இத்தொகையின்மீது விழாமல் இருப்பதில்லை.

அமேசான் நிறுவனம் தன் நுகர்வோர் வணிகப் பிரிவில் இருந்த ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களையும் அவற்றிலிருந்த 75 பெட்டாபைட் தரவையும் தன் சொந்த மேகச் சேவைகளுக்கு மாற்றி முடித்துவிட்டதாக 2019 அக்டோபரில் அறிவித்தது, அவ்வளவு பெரிய அளவிலும் இது செய்யக்கூடியதே என்பதைத் துறை முழுவதற்கும் உணர்த்தியது. இந்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகளின் மின்னாளுகைத் திட்டங்களில் திறமூலத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவும் போஸ்ட்கிரெஸை உள்ளேயே இணைத்து வெளிவருவதால், தாம் ஒருபோதும் தொட்டதில்லை என்று நினைக்கும் நிர்வாகிகளின் அலுவலகங்களிலும் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

உடன் வருபவை

அனுபவத்தின் அடித்தளம் முழுவதும் உடன் வரும் என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் தளம் மாறும் நிர்வாகிகள் பலர் தாம் மீண்டும் முதல் நாள் ஊழியராகிவிட்டதாக எண்ணிக் குன்றிப்போகின்றனர். தரவில் செய்யப்படும் எந்த மாற்றமும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே உறுதியானதாகக் கொள்ளப்படும் என்ற நெறியை ஆரக்கிள் ரீடூ லாக் வழியாகவும் போஸ்ட்கிரெஸ் வால் என்னும் பதிவேட்டின் வழியாகவும் பின்பற்றுகின்றன. அப்பதிவேடுகளைத் தனியே சேமித்து வைத்து, பழைய பேக்கப்பின்மீது அவற்றை ஓட்டி, குறித்த ஒரு நிமிடத்தின் நிலைக்குத் தரவுத்தளத்தை மீட்கும் கலை இரண்டிலும் ஒன்றே. இண்டெக்ஸ் எப்போது உதவும், எப்போது சுமையாகும் என்ற மதிப்பீடும், எக்ஸிக்யூஷன் பிளானைப் படித்து எந்த இடத்தில் நேரம் கரைகிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கமும் அப்படியே பயன்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை உணர்வு எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. அது பல இரவுகளின் விளைச்சல்.

கருவிகளின் பெயர் மாற்றம் சில வாரங்களில் பழகிவிடும். பேக்கப் எடுக்க ஆர்மேன் இருந்த இடத்தில் பிஜிபேக்ரெஸ்ட் அல்லது பார்மன், துணைச் சர்வருக்கு டேட்டா கார்டு இருந்த இடத்தில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனும் அதன்மேல் தானியங்கி மாற்றத்தைக் கவனிக்கும் பத்ரோனியும், வேகத்தை அலச ஏ.டபிள்யு.ஆர். அறிக்கை இருந்த இடத்தில் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் போதும். பலரது கற்றல் இப்பட்டியலோடு முடிந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

பழைய பதிப்பு எங்கே போகிறது?

இரண்டு தளங்களுக்கும் இடையிலான மிக ஆழமான வேறுபாடு, ஒரு பதிவு திருத்தப்படும்போது அதன் பழைய வடிவம் எங்கே வைக்கப்படுகிறது என்பதில் அடங்கியுள்ளது. ஒருவர் ஓர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைத் திருத்தினால், படிப்பவருக்கு அவர் தொடங்கிய நேரத்து நிலையே தெரிய வேண்டும் என்பது இரு தளங்களும் ஏற்ற விதி, எம்.வி.சி.சி. எனப்படும் பல்பதிப்பு முறை இதற்கானது. ஆரக்கிள் பதிவை அதன் இடத்திலேயே திருத்திவிட்டுப் பழைய வடிவத்தை அண்டூ என்ற தனிப்பகுதிக்கு அனுப்புகிறது. போஸ்ட்கிரெஸ் பழைய பதிவை அட்டவணைக்குள்ளேயே விட்டுவிட்டு, புதிய வடிவத்தைப் புதிய பதிவாக எழுதுகிறது. எவருக்கும் தேவைப்படாமல் போன பழைய பதிவுகள் இறந்த பதிவுகளாக அங்கேயே கிடக்க, வேக்யூம் என்னும் துப்புரவுப் பணி வந்து அவ்விடத்தை மறுபயனுக்கு விடுவிக்க வேண்டும்.

இதன் நடைமுறை விளைவை ஒரு நீண்ட அறிக்கை வினவலைக் கொண்டு பார்க்கலாம். மாதக் கடைசியில் ஐந்து மணி நேரம் ஓடும் ஓர் அறிக்கை ஆரக்கிளில் தோற்றுப்போனால், அது பெரும்பாலும் தனக்குத் தேவையான பழைய வடிவம் அண்டூ பகுதியில் அழிந்துபோனதால் எழும் ஓரா-01555 என்ற பிழையோடு தோற்கும். தண்டனை அந்த அறிக்கைக்கு மட்டுமே, மற்றவர்கள் அதை அறிய மாட்டார்கள். போஸ்ட்கிரெஸில் அதே அறிக்கை குறையின்றி முடியும். ஆனால் அது ஓடிய ஐந்து மணி நேரமும், அது பார்க்க நேரிடலாம் என்பதற்காக, அதற்குப் பின் இறந்த எந்தப் பதிவையும் வேக்யூம் தொட முடியாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் திருத்தப்படும் வேறோர் அட்டவணை இதற்குள் பல மடங்கு வீங்கிவிட, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வினவலும் இறந்த பதிவுகளைத் தாண்டித் தாண்டி உயிருள்ளவற்றைத் தேடும். குற்றம் செய்தது ஒரு வினவல், தண்டனை பெறுவது ஊரெல்லாம் என்ற இந்த நிலைமாற்றத்தை மனத்தில் பதித்துக்கொள்ளாத நிர்வாகி, மெதுவாகிப்போன வினவலை நோண்டிக்கொண்டிருப்பாரே தவிர, பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் ஏதோ ஓர் இணைப்பைத் தேடிப் போக மாட்டார்.

துப்புரவு தானாகவே நடக்கும் என்பதும் பாதி உண்மையே. தானியங்கி வேக்யூமின் இயல்பு அமைப்பின்படி, ஓர் அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கு பதிவுகள் இறந்த பிறகே அது அதன்மேல் கைவைக்கும். 10,000 பதிவுகள் உள்ள அட்டவணைக்கு இது பொருத்தமான அளவு, 10 கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணைக்கோ 2 கோடி இறந்த பதிவுகள் சேரும்வரை காத்திருத்தல் என்று பொருள். பேரட்டவணைகளுக்கு இவ்விகிதத்தைத் தனித்தனியே குறைத்து வைப்பது தளம் மாறிய நிர்வாகி முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை. ஆரக்கிள் உலகிலிருந்து வருபவர்கள் சிலர், வேக்யூம் ஓடும்போது வட்டு பரபரப்பாக இருப்பதைக் கண்டு அதை அணைத்துவிடுவதுண்டு. இதைவிடத் தீங்கான ஒரு முடிவைப் போஸ்ட்கிரெஸில் எடுப்பது கடினம்.

ஏனெனில் வேக்யூமுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போஸ்ட்கிரெஸ் தரும் எண் 32 பிட் அளவுடையது. வட்டமாகச் சுழலும் அவ்வெண்வரிசையில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 210 கோடி எண்களை மட்டுமே கடந்தகாலமாகக் கருத முடியும். மிகப் பழைய பதிவுகளை எக்காலத்துக்கும் செல்லுபடியானவை என்று முத்திரையிட்டு உறையவைப்பதை வேக்யூம் செய்துவராவிட்டால், எண் வட்டம் முழுதும் சுற்றிவந்து பழைய தரவெல்லாம் எதிர்காலத் தரவாகத் தோன்றி மறைந்துபோகும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க, எல்லை நெருங்கியதும் தரவுத்தளம் புதிய எழுத்துப் பணிகளை ஏற்க மறுத்து நின்றுவிடும். சென்ட்ரி நிறுவனத்தின் சேவை 2015-இலும், மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை 2019 பிப்ரவரியிலும் இக்காரணத்தால் முடங்கியதை அந்நிறுவனங்களே வெளிப்படையாக விளக்கியுள்ளன. ஆரக்கிள் நிர்வாகியின் கண்காணிப்புத் திரையில் இதற்கு இணையான ஓர் அளவீடு வழக்கமாக இருப்பதில்லை. ஆகவே அதைத் தேடிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இருக்காது.

பூட்டும் பிழையும்

படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை என்பது ஆரக்கிள் நிர்வாகி மனப்பாடமாக அறிந்த வாக்கியம். போஸ்ட்கிரெஸுக்கும் அது பொருந்தும். ஆனால் அட்டவணையின் அமைப்பையே மாற்றும் கட்டளைகளின் நிலை வேறு. ஒரு புலத்தைச் சேர்க்கும் கட்டளையை ஆரக்கிளில் கொடுக்கும்போது யாரேனும் அந்த அட்டவணையில் திருத்தம் செய்துகொண்டிருந்தால், வளம் பயன்பாட்டில் உள்ளது என்று கட்டளை பிழையோடு திரும்பிவிடுவது அங்கே நெடுங்கால வழக்கம். போஸ்ட்கிரெஸில் அக்கட்டளை, அட்டவணையை வெறுமனே படித்துக்கொண்டிருப்பவருக்காகக்கூடப் பொறுமையாகக் காத்திருக்கும். காத்திருக்கும் அதன் பின்னால், அதற்குப் பிறகு வந்த எளிய வாசிப்பு வினவல்களும் வரிசையில் நிற்கத் தொடங்கும். ஓரிரு நிமிடங்களில் இணைப்புகள் தீர்ந்து செயலி முழுவதும் உறைந்துபோகும். காத்திருப்புக்குச் சில நொடி உச்சவரம்பு வைத்துவிட்டு அக்கட்டளையைக் கொடுப்பது ஒரே வரியில் முடியும் தற்காப்பு. அந்த ஒரு வரி தேவை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதே பகுதியில் போஸ்ட்கிரெஸ் அளிக்கும் ஒரு நன்மையையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. அமைப்பை மாற்றும் கட்டளைகளைப் பரிவர்த்தனைக்குள் வைத்து, பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது தவறினால் எட்டையும் சேர்த்துப் பின்வாங்கிக்கொள்ளும் வசதி அங்கே உண்டு. ஒவ்வொரு அமைப்புக் கட்டளையும் தானாகவே உறுதியாகிவிடும் ஆரக்கிளில், பாதியில் நின்ற ஒரு நிறுவல் நிரலைக் கையால் பிரித்தெடுத்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

பரிவர்த்தனைக்குள் எழும் பிழையைக் கையாளும் முறையும் வேறு. இரவு நேரத்தில் பல்லாயிரம் பதிவுகளை ஏற்றும் ஒரு தொகுப்புப் பணியில் ஒரு பதிவு ஏற்கெனவே இருப்பதால் மறுக்கப்பட்டால், ஆரக்கிள் அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்துசெய்து அடுத்ததற்குப் போக விடுகிறது. போஸ்ட்கிரெஸ் அந்தப் பரிவர்த்தனை முழுவதையும் கெட்டதாகக் குறித்து, பின்வாங்கும்வரை வேறெந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை. முரண்படும் பதிவைக் கடந்துபோகச் சொல்லும் சொற்றொடரை நுழைப்புக் கட்டளையோடு சேர்ப்பது இதற்குச் சரியான தீர்வு. ஒவ்வொரு பதிவுக்கும், பின்வாங்கி நிற்கும் இடமாக, ஒரு சேவ்பாயின்ட் வைப்பது செயல்படும் என்றாலும், அளவு மீறும்போது அதுவே வேகத்தைக் கெடுக்கும் புதிய நோயாகிவிடும்.

வெற்றுச் சொல்லின் விலை

மிகச் சிறியதாகத் தோன்றி மிகப் பரவலாகக் கெடுக்கும் வேறுபாடு, எழுத்து எதுவும் இல்லாத வெற்றுச் சரத்தைப் பற்றியது. ஒரு புலத்தில் மதிப்பு அறியப்படவில்லை என்பதைக் குறிக்க நல் என்ற நிலையும், மதிப்பு உண்டு, அதில் எழுத்துகள்தாம் இல்லை என்பதைக் குறிக்க வெற்றுச் சரமும் எஸ்க்யூஎல் தரத்தில் தனித்தனியே உள்ளன. போஸ்ட்கிரெஸ் இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல்லாகவே எடுத்துக்கொள்கிறது. மேலும், ஒரு சொல்லோடு நல்லை ஒட்டினால் ஆரக்கிள் நல்லைப் புறக்கணித்து அச்சொல்லையே தருகிறது. போஸ்ட்கிரெஸ், அறியப்படாத ஒன்றோடு எதை ஒட்டினாலும் விடை அறியப்படாததே என்ற தருக்கத்தின்படி, முழுவதையும் நல்லாக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பெயர்களில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். வாடிக்கையாளர் அட்டவணையில் தலைப்பெழுத்துக்கு ஒரு புலம், பெயருக்கு ஒரு புலம் என்று இருந்து, ரசீதில் அச்சிட இரண்டையும் ஒட்டும் ஒரு வரி நிரல், தலைப்பெழுத்து பதியாதவர்களுக்கும் ஆரக்கிளில் பெயரை ஒழுங்காகக் கொடுத்துவந்திருக்கும். அதே வரி போஸ்ட்கிரெஸில் பிழை எதுவும் காட்டாமல் ஓடி, அவர்களுடைய ரசீதுகளில் பெயரிடத்தை முழுதும் காலியாக விட்டுவிடும். அடுத்து, மாற்றத்துக்குப் பின் செயலி புதிதாக எழுதும் பதிவுகளில் தலைப்பெழுத்துப் புலம் வெற்றுச் சரமாக நிற்க, பழைய பதிவுகளில் அது நல்லாக இருக்க, தலைப்பெழுத்து இல்லாதவர்களைப் பட்டியலிடும் வினவல் பழையவர்களை மட்டும் கண்டெடுக்கும். மின்னஞ்சல் முகவரி இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள புலத்தில், முகவரி தராத முதல் புதிய வாடிக்கையாளர் பதிவாகிவிடுவார், இரண்டாமவர் மறுக்கப்படுவார். ஆரக்கிளில் இவை அனைத்தும் நல் ஆகி எத்தனை பேருக்கும் இடம் கொடுத்திருக்கும். இப்பிழைகளில் முதல் இரண்டும் எந்த எச்சரிக்கைப் பதிவிலும் தோன்றுவதில்லை என்பதும், சோதனைத் தரவில் எல்லாப் புலங்களையும் அக்கறையோடு நிரப்பி வைத்திருக்கும் குழுக்களுக்கு இவை தென்படவே மாட்டா என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

நிரல்களின் கணக்கு

அட்டவணைகளையும் தரவையும் நகர்த்துவது வேலையின் சிறுபகுதியே. பழைய ஆரக்கிள் தளங்களில் வணிக விதிகள் பெருமளவு பிஎல்-எஸ்க்யூஎல் நிரல்களாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தொகுக்கும் பேக்கேஜ் என்ற அமைப்பும், முதன்மைப் பரிவர்த்தனை பின்வாங்கினாலும் தன் பதிவைத் தக்கவைக்கும் தன்னாட்சிப் பரிவர்த்தனையும் போஸ்ட்கிரெஸில் நேரடியாக இல்லை. பிரான்சைச் சேர்ந்த ஜில் தாரோல்ட் 2001 முதல் உருவாக்கிவரும் ஓரா2பிஜி என்ற இலவசக் கருவி, ஆரக்கிள் தளத்தை அலசி, அமைப்பையும் நிரல்களையும் இயன்றவரை மாற்றித் தருவதோடு, மீதமுள்ள கைவேலைக்கு எத்தனை மனித நாட்கள் பிடிக்கும் என்ற மதிப்பீட்டையும் தருகிறது. ஐந்து நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டு அது போடும் இக்கணக்கு, போஸ்ட்கிரெஸை நன்கறிந்த ஒருவர் வேலை செய்வதாக வைத்துக்கொண்டு போடப்படுவது என்பதை மேலாளர்கள் கவனிக்க வேண்டும்.

மூத்த நிர்வாகியின் தனிமதிப்பு இங்குதான் வெளிப்படுகிறது. கருவி ஒரு நிரலின் சொற்களை மாற்றித் தரும். அந்நிரல் எதற்காக எழுதப்பட்டது, அதை இப்போது எவரேனும் அழைக்கிறார்களா, ஒரு வினவலுக்குள் திணிக்கப்பட்டுள்ள ஹின்ட் என்ற கட்டாயக் குறிப்பு எந்தக் காலத்துச் சிக்கலுக்கு மருந்தாக வந்தது என்பவற்றையெல்லாம் அந்தத் தளத்தோடு வாழ்ந்தவரே சொல்ல முடியும். போஸ்ட்கிரெஸின் மையத் தொகுப்பு ஹின்ட் குறிப்புகளை ஏற்பதில்லை. புள்ளிவிவரங்களைச் சரியாகத் திரட்டிக் கொடுத்து, வினவலைத் திருத்தி எழுதி, திட்டமிடும் பொறியை நல்ல முடிவுக்கு இட்டுச்செல்வதே அதன் வழி. எந்த ஹின்ட்டை அப்படியே கைவிடலாம், எதன் பின்னால் தரவின் உண்மையான சாய்வு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பிரித்தறிவதற்கு அனுபவத்தைத் தவிர வேறு துணையில்லை.

மாறவே கூடாத தளங்களும் உண்டு என்று சொல்லும் துணிவும் அவரிடமிருந்தே வர வேண்டும். ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் போன்ற தயாரிப்புகள் ஆரக்கிள் தரவுத்தளத்தின்மீது மட்டுமே ஓடுபவை. ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் திறந்து எழுதும் ஆர்.ஏ.சி. அமைப்புக்கு இணையானது போஸ்ட்கிரெஸில் இல்லை. அதை உயர்கிடைப்புக்காக மட்டும் வாங்கிவைத்திருக்கும் நிறுவனத்துக்குத் துணைச் சர்வரும் தானியங்கி மாற்றமும் போதும், எழுதும் சுமையையே அதன்மீது பரப்பியிருக்கும் நிறுவனத்துக்குப் போதா. இரண்டில் எது என்று பார்க்காமல் கையெழுத்தாகும் திட்டங்கள் பிற்பாடு பெரும் பொருட்செலவில் நின்றுபோகின்றன.

கற்கும் காலத்துக்கு யார் பொறுப்பு?

ஆரக்கிள் வழங்கும் ஓ.சி.பி. போன்ற சான்றிதழ்களைச் சொந்தக் காசில் பெற்று, ஒரு தயாரிப்பின் பெயரையே தம் பதவிப்பெயராகச் சுமந்தவர்களுக்கு, முப்பது வயதுக்குட்பட்டவர் எளிதாக விடை சொல்லும் கேள்விக்குத் தாம் ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருப்பது எளிதில் தாங்கக்கூடியதாக இருப்பதில்லை. நிறுவனங்கள் இதை அவரவர் தனிப்பட்ட விஷயமாக ஒதுக்கி, பழைய தளத்தின் அன்றாடப் பொறுப்பைச் சிறிதும் குறைக்காமல், புதியதை வார இறுதிகளில் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமற்றது, அறிவீனமும்கூட. உரிமக் கட்டணத்தில் மிச்சப்படப் போகும் தொகையை முதல் பக்கத்தில் அச்சிடும் திட்ட அறிக்கை, அந்த மிச்சத்தை உண்டாக்கப் போகிறவரின் கற்றல் காலத்துக்கு ஒரு வரியும் ஒதுக்காதது கணக்கிலேயே பிழை.

அக்கற்றலும் வகுப்பறையில் முடிவதன்று. வீட்டுக் கணினியிலேயே இலவசமாக நிறுவக்கூடிய தளம் இது என்பதால், நிறுவி, சுமை ஏற்றி, வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதே சிறந்த பாடம்: ஒரு பரிவர்த்தனையைத் திறந்துவைத்து அட்டவணை வீங்குவதை அளப்பது, பதிவேட்டுக் கோப்புறையை நிரம்பவிட்டு என்ன நேர்கிறது என்று பார்ப்பது, முதன்மைச் சர்வரைச் சட்டென நிறுத்தித் துணைச் சர்வர் பொறுப்பேற்கும் நொடிகளை எண்ணுவது, நேற்றைய பகல் மூன்று மணி நிலைக்கு மீட்டெடுப்பது. போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணம், தொழில்நுட்ப நூல்களிலேயே அரிதான தெளிவோடு எழுதப்பட்டது. தடை ஏற்படும் இடத்தில் மூல நிரலையே திறந்து பார்க்க முடிவது ஆரக்கிள் நிர்வாகிக்கு முற்றிலும் புதிய சுதந்திரம்.

மாற்றம் நடைபெறும் இரவைத் திட்டமிடுவதில் பழைய ஒழுக்கம் முழுமையாகப் பயன்படுகிறது. தரவு ஒரே நாளில் நகர்த்தப்படுவதில்லை. முதல் நகல் ஏற்றப்பட்ட பின், ஆரக்கிளில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் பதிவேட்டிலிருந்து வாசித்துப் போஸ்ட்கிரெஸில் பதியும் கருவிகள் வாரக்கணக்கில் இணையாக ஓட, இரு பக்கத்திலும் பதிவுகளின் எண்ணிக்கையும் தொகைகளும் ஒத்துப்பார்க்கப்படுகின்றன. கட்ஓவர் இரவில் வரிசை எண்களைத் தரும் சீக்வென்ஸ்களின் நடப்பு மதிப்பு முன்னே நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். மறந்தால் முதல் புதிய பதிவே பழைய எண்ணில் மோதும். புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளை, பயனர்களுக்குக் கதவு திறக்கப்படுவதற்கு முன் ஓடி முடிந்திருக்க வேண்டும். இல்லையெனில் ஒத்திகையில் நொடியில் முடிந்த வினவல் காலை நேர நெரிசலில் நிமிடக்கணக்கில் இழுக்கும். அதன் பிறகும் ஓட்டத்தின் திசையைத் திருப்பி, போஸ்ட்கிரெஸில் நிகழும் மாற்றங்கள் பழைய ஆரக்கிளுக்குப் போய்ச் சேரும்படி ஒரு மாத இறுதிக் கணக்கு முடியும்வரையேனும் வைத்திருப்பது, திரும்பிப்போகும் வழியைத் திறந்து வைக்கிறது. அந்த ஏற்பாட்டுக்காக ஆரக்கிள் பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்னும் ஒரு காலாண்டு நீட்டிக்கச் சொல்லி நிதிப்பிரிவிடம் வாதாடும் வேலையும் நிர்வாகியுடையதே. ஒப்பந்தம் முடியும் தேதியை முதலில் குறித்துவிட்டு மாற்றத்தை அதற்குள் அடைக்க முயலும் திட்டங்களில், ஒத்திகையும் திரும்பும் வழியுமே முதலில் வெட்டுப்படுகின்றன.